முற்றுப்புள்ளி இல்லாத நாவலை எங்கே நிறுத்தி வாசிப்பது?

கேள்வி: யூன் ஃபோசேயின் 'செப்டாலஜி'யை ஆங்கிலத்தில் வாங்கினேன். அறுபது பக்கம் தாண்டவில்லை. ஒரு வயதான ஓவியர் கார் ஓட்டுகிறார், யோசிக்கிறார், யோசித்ததையே திரும்ப யோசிக்கிறார். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. இதை எப்படி வாசிப்பது? நடுவே ஜெபம் வேறு வருகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்:

முற்றுப்புள்ளி விஷயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். புத்தகத்தைத் தொடாமலே பயந்துபோகிறவர்களும் அதனால்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பத்துப் பக்கம் வாசித்தால் அது கண்ணில் படுவதே நின்றுவிடும். காற்புள்ளிகள் தாராளமாக இருக்கின்றன. சொற்கள் மிக எளியவை. பேச்சு வரும் இடங்களில் 'என்றேன்', 'என்றான்' என்று குட்டிக் குட்டி வரிகளாகப் பிரிந்தே வருகிறது. வாக்கியத்தில் வழி தவறிப்போக இங்கே வாய்ப்பே குறைவு.

வழி தவறுவது வேறு இடத்தில். இப்போது பேசப்படுவது யாரைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றி? இந்த இரண்டும் பிடிபடாததால்தான் அறுபதாம் பக்கத்தில் அலுப்பு வருகிறது.

நாவலைத் தொடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோசே 1959இல் நார்வேயின் மேற்குக் கரையில் ஹௌகசுண்டில் பிறந்தவர், ஹார்டாங்கர் ஃபியோர்டு ஓரம் வளர்ந்தவர். நார்வேஜிய மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து வடிவங்கள் இரண்டு. அதில் சிறுபான்மையினர் எழுதும் நீநொர்ஸ்கில்தான் எழுதுகிறார். உலகம் அவரை முதலில் நாடகாசிரியராக அறிந்தது. பிறகு மேடையிலிருந்து விலகி, 'மெதுவான உரைநடை' என்று அவரே பெயர் வைத்த ஒன்றுக்கு வந்தார். அதன் பெரிய விளைச்சல் இந்த நாவல். ஏழு பாகங்கள், 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று புத்தகங்களாக வந்தவை. ஆங்கிலத்தில் டேமியன் சர்ல்ஸ் மொழிபெயர்த்திருக்கிறார். மூன்றாவது புத்தகம் 2022இல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு பரிசு நம்முடைய கீதாஞ்சலி ஸ்ரீக்குப் போனது. ஃபோசேவுக்கு அடுத்த ஆண்டே நோபல்.

கதை என்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அஸ்லே என்கிற ஓவியர். மனைவி அலெஸ் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தில்கியா என்ற கடலோரச் சிற்றூரில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டில் ஓஸ்லைக் என்ற கட்டைப்பிரம்மச்சாரி. மீன் பிடிப்பார், ஆடு வளர்ப்பார். பியோர்க்வின் நகரத்தில் (பெர்கனின் பழைய பெயர் இது) அஸ்லேயின் ஓவியங்களை விற்றுத்தரும் பையர் என்பவரின் கலைக்கூடம் இருக்கிறது. அதே நகரத்தில் இன்னொரு அஸ்லேயும் இருக்கிறார். அவரும் ஓவியர். அதே நரைத்த நீளமுடி, தோளில் அதே பழுப்புத் தோல்பை. ஒரே வித்தியாசம், அந்த அஸ்லே குடித்துக் குடித்துச் சாவின் விளிம்பில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் இதெல்லாம் நடக்கிறது.

இரண்டாவது அஸ்லே உண்மையான மனிதரா, முதல் அஸ்லே குடியை விடாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய ஆளா? நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை, நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவர் நாய் வளர்க்கிறார், அந்த நாய்க்குப் பிராகி என்று பெயர், அதற்குப் பசிக்கிறது. அந்த அளவுக்கு அவர் நிஜம். மதுவை நிறுத்தினால் வரும் நடுக்கத்தோடு அவர் சோஃபாவில் கிடக்கும் பக்கங்களைக் கவனித்து வாசியுங்கள். எழுந்திருக்க வேண்டும், எழுந்து கொஞ்சம் குடித்தால் நடுக்கம் குறையும், நடுக்கம் குறைந்தால் வெளியே போகலாம், வெளியே போய் அப்படியே கடலுக்குள் நடந்துவிடலாம் என்று அந்த மனம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுந்திருக்க முடிவதில்லை. சுற்று மறுபடி முதலிலிருந்து. இதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக வெட்டியிருந்தால் தகவல் கிடைத்திருக்கும், நடுக்கம் கிடைத்திருக்காது. ஃபோசேவும் குடியை விட்டவர் என்பது தெரியாமல் வாசித்தால்கூட, எழுதியவர் இதைத் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்ல என்பது தெரிந்துவிடும்.

சரி, யார், எப்போது என்ற சிக்கலுக்கு வருகிறேன். ஒரு சின்னச் சாவி இருக்கிறது. 'நான்' என்று வந்தால் அது இன்றைக்குத் தில்கியாவில் இருக்கும் வயதான அஸ்லே. 'அஸ்லே', 'அவன்' என்று படர்க்கையில் வந்தால் இரண்டில் ஒன்று: நகரத்து அஸ்லே, அல்லது இவரே சிறுவனாக, இளைஞனாக இருந்த காலம். தன் இளமையை இவர் 'நான்' என்று நினைவுகூர்வதில்லை. வெளியே நின்று பார்க்கிறார். ஏழு பாகங்களும் 'நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்க்கிறேன்' என்கிற தொனியில்தான் ஆரம்பிக்கின்றன.

அடுத்தது, அவர் காலம் மாறுகிற இடங்கள். அவை கண்டபடி வருவதில்லை. பெரும்பாலும் மூன்று இடங்கள்தான். கார் ஓட்டும்போது, கட்டிலில் படுத்திருக்கும்போது, பிறகு, முக்கியமாக, வீட்டில் வட்ட மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கடலில் ஒரு குறிப்பிட்ட புள்ளியைப் பார்க்கும்போது. அங்கே இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்று இவருடையது, காலியாக இருப்பது அலெஸுடையது. அவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்றால் ஒரு பழைய காலம் திறக்கப்போகிறது என்று நீங்களும் தயாராகிவிடலாம். வழக்கமான நனவோடை நாவல்களில் மனம் குரங்கு மாதிரி எங்கிருந்து எங்கேயோ தாவும். இங்கே மனம் தாவுவதே இல்லை. ஒரே இடத்தைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விரற்கடை உள்ளே போகிறது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு முன்னாலேயே ஒரு காட்சி வந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? நகரத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அஸ்லே சாலையோரம் காரை நிறுத்துகிறார். பக்கத்தில் ஒரு பழுப்பு நிற வீடு, அவரும் அலெஸும் முன்பு குடியிருந்தது, இப்போது பாழடைந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி குழந்தைகள் விளையாடும் இடம். அங்கே ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும். அவன் நீளமான கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறான். ஊஞ்சலில் அவளை உட்காரவைத்துத் தள்ளிவிடுகிறான். அவள் இவ்வளவு வேகமாக வேண்டாம் என்கிறாள், பிறகு இன்னும் என்கிறாள். அப்புறம் ஏற்றப்பலகை. அஸ்லே காரில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார். அவர்கள் இவரைப் பார்ப்பதில்லை.

இங்கே ஃபோசே 'அவருக்குப் பழைய நினைவு வந்தது' என்று எழுதவில்லை. இரண்டு காலங்களையும் ஒரே சட்டகத்தில் வைத்துவிடுகிறார். இளம் அஸ்லேயும் அலெஸும் அங்கே ஊஞ்சலாடுகிறார்கள், கிழ அஸ்லே இங்கே காரில் இருக்கிறார், நடுவில் சில அடி தூரம். பேயும் இல்லை, கனவும் இல்லை. ஓவியத்தில் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே துணியில்தானே இருக்கும்! ஓவியரின் பார்வையில் காலமும் அப்படித்தான் கிடக்கிறது என்று இந்த இடத்தில் பிடிபட்டுவிட்டால், மீதி அறுநூற்றுச் சொச்சம் பக்கமும் உங்களுக்குத் திறந்துவிடும். வேறு கோட்பாடு எதுவும் வேண்டாம்.

கதை நகரவில்லை என்பது உங்கள் இரண்டாவது குறை. நகர்கிறது. வீடு வந்து சேர்ந்த அஸ்லேவுக்கு மனம் கேட்பதில்லை. நகரத்து அஸ்லேயைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இருக்கிறது. அதே இரவில், கொட்டும் பனியில், மறுபடி அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். தெருவில் பனி மூடிக் கிடக்கும் ஆளைத் தூக்கி நிறுத்துகிறார். மருத்துவமனை, நாயைத் தேடி எடுப்பது, தான் நன்றாக அறிந்த ஊரிலேயே பனியில் வழி தவறுவது, வழிகாட்டும் ஒரு பெண் 'என்னைத் தெரியவில்லையா' என்று கேட்பது என்று போகும் அந்தப் பக்கங்களில் ஒரு திகில் கதையின் இழுவை இருக்கிறது. என்னைக் கேட்டால் நாவலில் ஆகச் சிறந்தவை அவைதான்.

சிரிக்கலாம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஓஸ்லைக் வருகிற இடமெல்லாம் சிரிப்பு. அவர் அஸ்லேயின் வாசலில் பனியைத் தள்ளிக் கொடுப்பார், விறகும் மீனும் உப்பிட்டுக் காயவைத்த ஆட்டிறைச்சியும் கொண்டுவந்து தருவார். பதிலுக்கு வருடத்துக்கு ஒரு ஓவியம். அதைத் தன் தங்கைக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்துவிடுவார். யாருக்கு யார் எவ்வளவு கடன் என்று இரண்டு கிழவர்களும் ஒவ்வொரு வருடமும் அதே பேச்சைப் பேசுவார்கள். தங்கை வீட்டுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வாயேன் என்று ஓஸ்லைக் கேட்பார், இவர் மழுப்புவார். அஸ்லே அந்த வாரம் வரைந்திருப்பது ஒரு ஊதாக் கோடும் ஒரு பழுப்புக் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் படம். ஓஸ்லைக் அதைப் பார்த்துவிட்டு 'புனித அந்திரேயாவின் சிலுவை' என்பார், பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஓவியருக்கு எரிச்சல். ஆனால் நாள்போக்கில் அவரே அந்தப் படத்தை அந்தப் பெயரால்தான் நினைக்க ஆரம்பிக்கிறார்.

இந்தக் குறுக்குக்கோட்டுப் படம்தான் நாவலின் முதுகெலும்பு. ஒவ்வொரு பாகமும் அதன் முன்னால் நிற்பதில் தொடங்குகிறது. முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா, நன்றாக வந்திருக்கிறதா, பார்க்கவே பிடிக்கவில்லையா என்று ஒவ்வொரு முறையும் மனம் ஒரு தினுசாக இருக்கிறது. வயதான கலைஞரைப் பற்றிய கதைகளில் வழக்கமாக இரண்டு பாதைகள் இருக்கும்: ஆற்றல் வற்றிப்போன சோகம், இல்லாவிட்டால் கடைசியாக ஒரு மகத்தான படைப்பு. ஃபோசே இரண்டையும் தொடவில்லை. அஸ்லேவுக்கு ஓவியம் என்பது தலைக்குள் ஒட்டிக்கொண்டு விடாத காட்சிகளை வரைந்து வெளியே தள்ளுவது. எப்போதோ கண்ட ஒரு வெளிச்சம், ஒரு முகம் என்று ஏராளமாக உள்ளே கிடந்து தொல்லை கொடுக்கின்றன. வரைந்துவிட்டால் போய்விடும். இப்போது, இந்த வயதில், இனி வரைய வேண்டாம் என்று தோன்றுகிறது. கை நடுங்குவதால் இல்லை, விற்காததால் இல்லை. வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்தவருக்கு அது வேண்டாததாகும்போது அது வெறுமையா விடுதலையா? அவருக்கே தெரியவில்லை. அந்தத் தெரியாமையோடு அவரை உட்காரவிடுவதற்குத்தான் இத்தனை பக்கங்கள்.

அவர் தன் படங்களைச் சோதிக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்ப்பார். படத்தின் மிக இருண்ட பகுதிதான் மிக அதிகமாக ஒளிர்கிறது என்பது அவர் கட்சி. கேட்பதற்குப் புதிர் மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஊர் டிசம்பரை யோசியுங்கள். பெர்கன் பக்கம் அந்த மாதத்தில் பகல் சுமார் ஆறு மணிநேரம்தான். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. வெளியே பனியும், பனி தரும் மங்கிய வெளிச்சமும். நாவலில் பாதிக்கு மேல் இந்த இருட்டில்தான் நடக்கிறது. அந்த ஊர்க்காரருக்கு இருட்டு என்பது வெளிச்சம் இல்லாத நிலை அல்ல. அதற்கே ஒரு நிறம் உண்டு.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். லார்ஸ் ஹெர்ட்டர்விக்கின் ஓவியங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். 1830இல் அதே மேற்குக் கரையில் குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் டுசல்டோர்ஃபில் ஓவியம் படிக்கப் போனவர், மனம் கலங்கித் திரும்பினார், மனநோய் விடுதியில் இருந்தார், 1902இல் ஏழையாகவே இறந்தார். கான்வாஸ் வாங்க வழியில்லாத காலத்தில் கிடைத்த காகிதத் துண்டுகளை ஒட்டி அதன்மேல் வரைந்திருக்கிறார். 1867இல் வரைந்த போர்கோயா தீவின் படத்தைப் பாருங்கள். அசையாத தண்ணீர், மேலே மலைமலையாக மேகம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். இவரை வைத்து ஃபோசே தொண்ணூறுகளில் 'மெலன்கோலி' என்று இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். அஸ்லே ஹெர்ட்டர்விக் அல்ல. ஆனால் அஸ்லே தேடும் ஒளி எப்படிப்பட்டது என்று அந்தப் படங்களில் கண்டபிறகு, இருட்டில் ஒளிர்வது பற்றிய பக்கங்கள் புதிராக இருக்காது.

வாசிக்கும் வேகம் பற்றி: ஒரு பாகத்தை ஒரு பொட்டலமாக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முன் தொடங்கி ஜெபத்தில் முடிவது ஒரு பாகம். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். ஒரே மூச்சில் முடிக்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் தினம் நாலு பக்கம் என்று வாசித்தால் நிச்சயம் கசக்கும். சுற்றுகள் சேரச் சேரத்தான் அதன் தாளம் பிடிபடும். அலுப்புத் தட்டும் இடத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தன் நாடகங்களில் மிக அதிகமாக வரும் சொல் 'இடைவெளி' என்று ஃபோசே நோபல் உரையில் சொன்னார். மேடையில் அந்த மௌனம் செய்கிற வேலையைத் தன் உரைநடையில் திரும்பத் திரும்பச் சொல்வது செய்கிறது என்பதும் அதே உரையில் வருகிறது. கண்ணால் மேயும்போது சலிப்பாகத் தெரிவது காதில் விழும்போது ஓய்வாகிறது. (பள்ளியில் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது பயந்து வகுப்பைவிட்டு வெளியே ஓடிய பையன் இவர் என்பதும் அந்த உரையில்தான் இருக்கிறது.)

பெயர்களுக்குக் குடும்ப மரம் போட வேண்டாம். அஸ்லே, அலெஸ், ஓஸ்லைக், அலிடா என்று எல்லாம் ஒன்றுபோல ஒலிப்பதும், குரோ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் வருவதும் வேண்டுமென்றே செய்தது. குழம்பினால் குழம்பட்டும், அஸ்லேவும் குழம்பித்தான் இருக்கிறார்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. நடுப் புத்தகத்தில் இளம் அஸ்லே ஓவியக் கல்லூரியில் சேர்வது, வாடகை அறை தேடுவது எல்லாம் ரொம்பவே நீள்கிறது. மைஸ்டர் எக்ஹார்ட் என்ற மத்தியகால ஞானியை அஸ்லே அடிக்கடி துணைக்குக் கூப்பிடுவது எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல் தாங்கவில்லை. பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலெஸ் உட்பட எல்லாரும் ஆண்களைக் கரைசேர்க்கவும், வழிகாட்டவும், சோறு போடவும் வந்தவர்களாகவே இருக்கிறார்கள். அலெஸும் ஓவியர்தான். அவர் என்ன வரைந்தார், ஏன் வரைந்தார் என்பது பற்றி இவ்வளவு பெரிய நாவலில் கிடைப்பது சொற்பம். ஒரு மனிதரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறோம் என்பது இதற்குச் சமாதானம். எனக்கு அது போதவில்லை.

கடைசியாக ஜெபம். அஸ்லே கத்தோலிக்கராக மாறியவர், அலெஸின் வழியாக. லூத்தரன் நாடான நார்வேயில் அது சின்ன விஷயம் இல்லை. ஃபோசேவும் ஐம்பதைக் கடந்து கத்தோலிக்கரானவர். ஆனால் நாவல் உங்களை மதம் மாற்ற வரவில்லை. அஸ்லேயின் நம்பிக்கையில் பாதி சந்தேகம்தான். கடவுளைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும் சரியாக இருக்க முடியாது என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஓஸ்லைக்குக்கோ கோவில், சடங்கு இதிலெல்லாம் பிடிப்பே கிடையாது, கேலிகூடச் செய்வார். பாகத்தின் முடிவில் அஸ்லே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சொல், வெளியே விடும்போது ஒரு சொல் என்று லத்தீனில் சொல்வதை அர்த்தத்துக்காக வாசிக்காதீர்கள். ஒரு கிழவர் தூங்குவதற்கு வழி தேடுகிறார் என்று வாசியுங்கள். அது உங்களுக்குப் போதும், எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே போங்கள்; பனியில் நகரத்துக்குத் திரும்பும் இரவு உங்களுக்கு இன்னும் வந்திருக்காது. அந்த இரவும் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு அவருடைய 'மார்னிங் அண்ட் ஈவினிங்' என்ற குறுநாவலை எடுங்கள். ஒரு மீனவரின் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும். நூற்றுச் சொச்சம் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஃபோசே உங்களுக்கானவர் இல்லை, விட்டுவிடலாம்.